நான் ஒன்றும் செய்யவில்லையே!



இந்த மாதம் ஒரு கேள்வியோடு உங்களிடம் வருகிறேன். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்ததற்காக ஒரு மனுஷன் குற்றவாளி ஆவானா? திருடவில்லை, அடிக்கவில்லை, பொய் சொல்லவில்லை. யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. தன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருந்தான், அவ்வளவுதான். அவன்மேல் என்ன குற்றம்?

இது புத்தகத்தில் வாசித்த கேள்வி அல்ல. என் வீட்டுப் பின்புறத்தில், பச்சைத் தண்ணீரின் ஓரத்தில் நின்றுகொண்டு நானே சந்தித்த கேள்வி. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை.

பின்பக்கத்துத் திரைச்சீலை

நாங்கள் சாக்ரமென்டோவில் இந்த வீட்டை வாங்கியது 2004-ல். வீட்டோடு கூடவே பின்புறம் ஒரு நீச்சல் குளமும் வந்தது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் கட்டியது. சுமார் 15,000 கேலன் பிடிக்கும்; லிட்டர் கணக்கில் ஏறக்குறைய 57,000. கிணற்றிலும் குளத்திலும் குளித்து வளர்ந்த எனக்கு அது பெரிய அதிசயமாய் இருக்கவில்லை. என் மனைவிக்குத்தான் அதன்மேல் அவ்வளவு பிரியம். வாரத்துக்கு இரண்டு தடவை சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து, ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். "இது என்ன, ஆஸ்பத்திரி நர்சு மாதிரி?" என்று நான் கேலி செய்வேன்.

2022 செப்டம்பரில் அவள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அதற்குப் பிறகு எனக்குப் பின்புறம் போகவே கால் வரவில்லை. பம்பை நிறுத்தினேன். பின்பக்கத்து ஜன்னலில் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். 2023 ஜனவரியில் கலிபோர்னியாவில் அடுத்தடுத்து அடித்த புயலும் மழையும் உங்களில் அநேகருக்கு நினைவிருக்கும். அந்தக் காற்றில் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள வேலியில் இரண்டு பலகை விழுந்துபோயின. மரத்து இலையெல்லாம் குளத்தில் கொட்டிற்று. பார்த்தேன். "பார்த்துக்கிடலாம்" என்று உள்ளே வந்துவிட்டேன்.

ஏப்ரல் மாதம் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து கதவைத் தட்டினார்கள். மெக்சிகோ தேசத்துக் குடும்பம், நல்ல மனுஷர். "கொசு அதிகமாயிருக்கிறது, உங்கள் குளத்தைக் கொஞ்சம் பாருங்கள்" என்று தாழ்மையாகத்தான் சொன்னார்கள். "ஆகட்டும், ஆகட்டும்" என்றேன். அந்த "ஆகட்டும்" ஜூன் மாதம் வரை ஆகவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். பின்புறத்தில் ஏதோ சத்தம் கேட்கிறதே என்று எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தத் திரையை விலக்கினேன். பக்கத்து வீட்டுச் சின்னப் பையன், ஐந்து வயதுகூட நிரம்பாதவன், குளத்து விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு, மிதந்துகொண்டிருந்த தன் பந்தை இழுக்க எட்டிக்கொண்டிருந்தான். பாதி உடம்பு தண்ணீர்மேல். பலகை விழுந்த இடைவெளி வழியாக நுழைந்திருக்கிறான்.

எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டேன். பையன் பயந்து அழுதான். அவன் தாய் ஓடிவந்து அவனை வாரி எடுத்துக்கொண்டார்கள். என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அந்தத் தண்ணீரை நெடுநேரம் பார்த்தார்கள். கறுப்பும் பச்சையுமாக, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்:

"இவன் விழுந்திருந்தால், நாங்கள் எங்கே போய்த் தேடியிருப்போம்?"

பதில் சொல்ல என் வாயில் வார்த்தை இல்லை.

சாக்கா, அறிக்கையா?

அந்த இரவே வேலிப்பலகை இரண்டையும் டார்ச் வெளிச்சத்தில் வைத்து அடித்தேன். ஐந்து மாதமாக முடியாத வேலை, இருபது நிமிஷத்தில் முடிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் முகம் சுண்டிப்போகிறது. பிறகு கடைக்கு ஓடி, இரண்டு கேலன் குளோரின் திரவம் வாங்கிவந்து அப்படியே குளத்தில் கொட்டிவிட்டு, ஏதோ பெரிய பரிகாரம் செய்ததுபோல் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைச் சகோதரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் இருபது வருஷமாக நீச்சல் குளம் சுத்தம் செய்யும் தொழில் செய்கிறவர். அவரும் நானும் திருநெல்வேலிச் சீமை. வயதில் எனக்கு இளையவர். எல்லாவற்றையும் கேட்டார். நான் கடைசியில், என்னை அறியாமலே, "தம்பி, நான் ஒண்ணும் செய்யலையே" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி, ஒண்ணும் செய்யலைன்னு சொல்லுதியளே, அது சாக்கா, அறிக்கையா?"

பிரியமானவர்களே, அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. ஒரே வாக்கியம்தான். "என்மேல் தப்பில்லை" என்பதற்கும் அதைத்தான் சொல்லுகிறோம். "என் தப்பே அதுதான்" என்பதற்கும் அதையேதான் சொல்லவேண்டியிருக்கிறது. குற்றத்தை மறுக்கிறவனும் அறிக்கையிடுகிறவனும் ஒரே சொல்லைச் சொல்லுகிறார்கள்! இரண்டில் எதைச் சொன்னேன் என்பது என் மனசாட்சிக்குத்தான் தெரியும்.

குழியை வெட்டினவன் யார்?

மோசேயின் பிரமாணத்தில் இதைப்பற்றித் தெளிவாக இருக்கிறது. யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தில், குழியை மூடாமல் விட்டவன், அதில் பிறனுடைய மாடோ கழுதையோ விழுந்தால் ஈடுகொடுக்கவேண்டும். உபாகமம் 22-ம் அதிகாரத்தில், வீடு கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். இல்லாவிட்டால் விழுந்தவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். யாரையும் பிடித்துத் தள்ளினவனைப்பற்றி அங்கே பேச்சே இல்லை. கட்டாமல் விட்டவனும் மூடாமல் விட்டவனும்தான் அங்கே கூண்டில் நிற்கிறார்கள்.

"இந்தக் குளத்தை நான் வெட்டவில்லையே, வீட்டோடு வந்ததுதானே" என்று என் மனம் வாதாடிற்று. ஆனால் சாவி யார் கையில் இருக்கிறது? அதே 21-ம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப்பற்றியும் ஒரு நியாயம் உண்டு. மாட்டுக்காரனுக்கு முன்பே எச்சரிப்புக் கிடைத்திருந்தும் அவன் கட்டிவைக்காவிட்டால், அவன் குற்றம் வேறு கணக்கு. எனக்கு எச்சரிப்புக் கிடைக்கவில்லையா? ஜனவரியில் பலகை விழுந்தபோது ஒரு எச்சரிப்பு. ஏப்ரலில் அந்த அம்மாள் வந்தபோது இரண்டாவது எச்சரிப்பு. நான் அறியாதவன் அல்ல. பார்த்துக்கிடலாம் என்று சொன்னவன்.

இது என் ஒருவனுடைய கதை அல்ல. 2007-ல் இதே கலிபோர்னியாவில், பேக்கர்ஸ்ஃபீல்ட் பட்டணம் இருக்கிற கெர்ன் மாவட்டத்தில், வீட்டுக்கடன் கட்டமுடியாமல் ஏராளமானோர் வீடுகளை விட்டுப் போனார்கள். பின்புறத்துக் குளங்கள் அப்படியே பச்சையாகிக் கொசு வளர்க்கும் தொட்டிகளாயின. பறவைகளிடமிருந்து கொசுக்கள் மூலமாய் மனுஷருக்கு வருகிற வெஸ்ட் நைல் காய்ச்சல் அந்த வருஷம் அங்கே முந்தின வருஷத்தைவிட 276 சதவிகிதம் அதிகரித்தது. கைவிடப்பட்ட அந்தக் குளங்களையும் அதற்கு ஒரு காரணமாக ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் எழுதினார்கள். அதில் ஒருவராவது "அயலானுக்குக் காய்ச்சல் வரட்டும்" என்று நினைத்திருப்பாரா? ஒருவரும் நினைத்திருக்கமாட்டார்கள். வீட்டைப் பறிகொடுத்தவன் "இனி என் வீடு இல்லை" என்றிருப்பான். வங்கி "இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை" என்றிருக்கும். இரண்டுக்கும் நடுவில் கொசு மட்டும் தன் வேலையைத் தவறாமல் செய்தது.

இதில் நியாயமாய் ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டை இழந்து தெருவில் நிற்கிறவனையும் சோபாவில் உட்கார்ந்திருந்த என்னையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. முடியாமல் விட்டது வேறு, செய்யாமல் விட்டது வேறு. முதல் சில மாதங்கள் என்னால் முடியவில்லை என்பது உண்மை. துக்கம் பாவம் அல்ல, அழுகிற மனுஷனைக் குற்றவாளி என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் என் துக்கத்துக்கு உண்டான விலையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கொடுக்கவேண்டுமா? என்னால் முடியாவிட்டால், முடிகிற ஒருவரைக் கூப்பிட வாய் இருந்ததே! சபையில் ஒரு சகோதரர் இந்தத் தொழிலே செய்கிறார். ஒரு போன் போதும். அந்தப் போனைக்கூட நான் செய்யவில்லை. அங்கேதான் என் துக்கம் முடிந்து என் குற்றம் ஆரம்பித்தது.

அமெரிக்காவில் 1 முதல் 4 வயதுவரையுள்ள பிள்ளைகளின் மரணத்துக்கு முதல் காரணம் தண்ணீரில் மூழ்குவது. கார் விபத்தைவிட அதிகம். மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் சத்தம் போடுவதுகூட இல்லை. தண்ணீர் தெளிவாயிருந்தால் எட்டிப்பார்க்கிறவன் கண்ணுக்காவது அடியில் கிடப்பது தெரியும். இத்தனை வருஷமாகத் தண்ணீரைத் தெளிவாக வைப்பது அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அடி தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று.

பன்னிரண்டு நாள்

திங்கட்கிழமை அந்தச் சகோதரர் வந்தார். நான் முதலாவது சொன்னது: "தம்பி, எல்லாத் தண்ணியையும் திறந்துவிட்டுட்டுப் புதுசா நிரப்பிடுவோம். இதைப் பார்க்கவே பிடிக்கலை."

"அப்படிச் செய்யக்கூடாது அண்ணாச்சி" என்றார். அந்த வருஷம் மழை அதிகம், நிலத்தடியில் தண்ணீர் ஏறி நிற்கும். குளத்தில் தண்ணீர் இருக்கிறவரைக்கும் அதின் பாரம் குளத்தை அமுக்கிவைத்திருக்கும். முற்றிலும் காலி செய்தால் கீழேயிருந்து வருகிற நெருக்கத்தில் குளம் முழுவதும் படகு போல மேலே எழும்பிவிடலாம். அதுவுமல்லாமல் ஜூன் மாத வெயிலில் சுவர்ப்பூச்சு காய்ந்து வெடிக்கும். "கோபத்தில காலி பண்ணுனா தண்ணியும் போகும், குளமும் போகும்" என்றார்.

எத்தனையோ பேர் தங்கள் வாழ்க்கையில் இப்படித்தான் செய்கிறோம், அல்லவா? கெட்டுப்போனதைப் பார்க்கச் சகிக்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் கவிழ்த்துவிட்டுப் புதிதாய் ஆரம்பிக்க நினைக்கிறோம். அது வைராக்கியம்போலத் தெரியும். உள்ளே பார்த்தால், கெட்டதின் முகத்தைப் பார்க்க மனதில்லாத சோம்பல்தான்.

அடுத்து, நான் சனிக்கிழமை கொட்டின இரண்டு கேலன் எங்கே போயிற்று என்று சோதித்துக் காட்டினார். குளோரின் பூஜ்யம். பம்பு ஓடாததால் சரியாகக் கலக்கவே இல்லை. கலந்ததையும் அடியில் கிடந்த இலைக்குப்பை தின்றுவிட்டது. "குப்பையை எடுக்காம மருந்தை ஊத்துனா, மருந்து குப்பையோட சண்டை போட்டே தீர்ந்துபோகும்."

ஆகவே முதல் இரண்டு நாள் மருந்தே இல்லை. நீண்ட கம்பில் கட்டின வலையைப் போட்டு வாரினோம். அழுகின இலை, சேறு, செத்த பூச்சி. நாற்றம் தாங்கமுடியவில்லை. எங்கள் ஊரில் கோடையில் கிணற்றுக்குத் தூர் வாருவது நினைவுக்கு வந்தது. கிணற்றுக்குள் இறங்கினவன் சேறு பூசாமல் ஏறினதாக நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் தண்ணீரைச் சோதித்தபோது இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. வெயிலில் குளோரின் சீக்கிரம் அழிந்துபோகாமல் காக்கிறதற்குச் சயனூரிக் அமிலம் என்று ஒன்று உண்டு. கொஞ்சம் இருந்தால் நல்லது. பத்து லட்சத்துக்கு 30 முதல் 50 பங்கு போதும். கடையில் விற்கிற குளோரின் மாத்திரைகளில் பெரும்பாலும் அதுவும் சேர்ந்தே இருக்கும். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களில் நான் சுலபத்துக்காக அந்த மாத்திரைகளைத்தான் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். குளோரின் வேலை செய்து தீர்ந்துபோகும், இந்த அமிலமோ தண்ணீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். சோதனையில் 90 காட்டிற்று. அளவுக்கு மிஞ்சிப் பாதுகாத்தால், பாதுகாக்கப்பட்ட குளோரின் பாசியைக் கொல்ல வலுவில்லாமல் போகிறது! அதற்கு மருந்து, கொஞ்சம் தண்ணீரை மாற்றுவதுதான். மூன்றில் ஒரு பாகம் இறைத்து நிரப்பினோம். கலக்கவிட்டு, மறுபடியும் மூன்றில் ஒரு பாகம். 90 என்பது 40 ஆயிற்று.

என் சுகதுக்கத்தில் யாரும் தலையிடாதபடி என்னை எவ்வளவு பத்திரமாய்ப் பாதுகாத்துக்கொண்டேன்! போன் எடுக்கவில்லை, வருகிறவர்களை வாசலோடே அனுப்பினேன். பாதுகாப்பு மிஞ்சினபோது, என்னைக் கடிந்துகொள்ளக்கூடிய நல்ல வார்த்தைகளும் என்மேல் வேலை செய்யவில்லை.

அதன்பின் ஆசிட் விட்டு, தண்ணீரின் பி.எச். அளவை 7.2-க்குக் கொண்டுவந்தார். ஆசிட்டையும் குளோரினையும் ஒருபோதும் ஒன்றாய்ச் சேர்க்கக்கூடாது, விஷவாயு கிளம்பும் என்று எச்சரித்தார். வீட்டில் குளம் வைத்திருக்கிற சகோதரர்கள் இதை நன்றாய்க் கவனியுங்கள். பம்பு ஓடத் துவங்கிற்று, இரவும் பகலும். அப்புறம்தான் குளோரின். எவ்வளவு தெரியுமா? அதே இரண்டு கேலன்! சனிக்கிழமை ராத்திரி ஒன்றுக்கும் உதவாமல் போன அதே அளவு, இப்போது வேலை செய்தது. ஆனால் ஒரு தடவையோடு விடவில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு தரம் சோதித்து, குறைந்ததைத் திரும்ப ஊற்றினோம். சுவரையும் படிக்கட்டையும் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஃபில்டரில் அழுக்கு அடைக்கும்போதெல்லாம் அதைக் கழுவிவிட்டேன்.

ஏழாம் நாள் காலையில் பார்த்து மனமடிந்துபோனேன். பச்சை போய்விட்டது, ஆனால் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர்போல வெள்ளையாய்க் கலங்கிக் கிடந்தது. அடி அப்போதும் தெரியவில்லை. "தம்பி, இன்னும் மோசமாயிட்டே!" என்று போன் செய்தேன். அவர் சிரித்தார். "நல்லா இருக்கு அண்ணாச்சி. பாசி செத்துட்டு. செத்ததெல்லாம் மிதக்குது. இனி ஃபில்டர் வேலை, பொறுமையா இருங்க."

செத்ததும் உடனே தெளியாது. சாவுக்கும் தெளிவுக்கும் நடுவில் ஒரு கலங்கல் காலம் உண்டு. மனந்திரும்பி இத்தனை நாளாயிற்றே, இன்னும் என் வீட்டில் சமாதானம் தெளியவில்லையே என்று சோர்ந்துபோகிற சகோதரனே, சகோதரியே, பம்பை நிறுத்திவிடாதிருங்கள்!

வாசனையும் இருட்டும்

அந்த நாட்களில் நான் அறிந்துகொண்ட இரண்டு காரியங்களைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை.

முதலாவது, நீச்சல் குளத்துப் பக்கம் போனால் மூக்கைத் துளைக்கிற அந்த வாசனை. அதைக் குளோரின் வாசனை என்றும், அது வந்தால் குளம் சுத்தம் என்றும் நினைத்திருந்தேன். அப்படியல்ல. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் அழுக்கோடும் சேர்ந்து, வேலை முடியாமல் பாதியில் நிற்கும்போது உண்டாகும் வேறொரு பொருளின் நாற்றம் அது. உண்மையாய்ச் சுத்தமான குளத்தில் வாசனை அதிகம் இருக்காது. சுத்தம் சுத்தம் என்று தூரத்திலேயே மணக்கிறதானால், உள்ளே இன்னும் அழுக்கு மிச்சம் என்று அர்த்தம். நம்முடைய பக்திக்கும் இது பொருந்துமோ என்று அவரவர் யோசித்துக்கொள்ளட்டும். என்னைப்பற்றி நான் யோசித்துவிட்டேன். அந்த ஒன்பது மாதமும் நான் ஒரு ஞாயிறுகூட ஆராதனைக்குத் தவறினதில்லை.

இரண்டாவது, குளம் சுத்தமாயிற்றா என்று கடைசியாய்ச் சோதிக்கிற விதம். கண்ணுக்குத் தெளிவாய்த் தெரிந்தால் போதாதாம். பொழுது சாய்ந்தபின் குளோரின் அளவைப் பார்க்கவேண்டும். மறுநாள் சூரியன் உதிக்குமுன் மறுபடியும் பார்க்கவேண்டும். பகலில் குறைந்தால் வெயில் தின்றது என்று சொல்லலாம். ராத்திரி வெயில் இல்லை. ராத்திரி குறைந்தால், தின்கிற ஒன்று உள்ளேயே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இரவில் 1 பங்குக்கு மேல் குறையாவிட்டால்தான் வேலை முடிந்தது.

பகலில் நாம் இழப்பதற்கெல்லாம் வெளியே ஒரு காரணம் காட்டலாம். வேலை, வெயில், ஜனங்கள். இருட்டில், ஒருவரும் பார்க்காதபோது, எது நம்மைத் தின்கிறது?

எனக்கு முதல் இரவு 4 குறைந்தது. அடுத்த இரவு 2. பன்னிரண்டாம் நாள் விடியுமுன் குப்பியைக் கையில் பிடித்து, சொட்டுகளை எண்ணி எண்ணி விட்டேன். குறைந்தது அரைப்பங்கு.

நாணயம்

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாளையும் பையனையும் கூப்பிட்டேன். குளத்தின் ஆழமான முனை எட்டு அடி. அதில் ஒரு கால் டாலர் நாணயத்தைப் போட்டேன். அது சுழன்று சுழன்று இறங்கி அடியில் போய்ப் படுத்தது. "தலையா, பூவா?" என்று பையனிடம் கேட்டேன். எட்டிப்பார்க்காமல், தாயின் கையைப் பிடித்துக்கொண்டே, "தலை!" என்றான். சரியாய்ச் சொன்னான்.

அந்தத் தாய் பேசவில்லை. நாணயத்தைப் பார்த்தார்கள், பிறகு வேலியைப் பார்த்தார்கள். இரண்டு புதுப் பலகையும் பழைய பலகைகளின் நடுவில் நிறம் மாறித் தெரிந்தன. "நான் ஏப்ரலிலேயே செய்திருக்கவேண்டும், என்னை மன்னியுங்கள்" என்றேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தண்ணீர் மட்டும் முற்றிலும் புதுசு அல்ல. பாதிக்குச் சற்றுக் குறைய, என் மனைவி சோதித்துக் குறித்துவைத்த அதே தண்ணீர்தான் இன்னும் அதில் இருந்தது. கறுத்து நாறிப்போயிருந்த அதுதான் தெளிந்து நின்றது. கெட்டுப்போனதெல்லாம் எறியப்படவேண்டியதல்ல என்பதற்கு இதைவிட எனக்குச் சாட்சி வேண்டாம்.

பிரியமானவர்களே, உங்களில் அநேகருக்கு நீச்சல் குளம் இருக்காது. ஆனால் திரைச்சீலை போட்ட ஒரு பின்புறம் இல்லாதவர் யார்? ஊரில் தனியே இருக்கிற தாயாருக்குப் போன் செய்து எத்தனை வாரமாயிற்று? சொத்துத் தகராறுக்குப் பிறகு முகம் பாராத அண்ணன் தம்பி உண்டா? மூன்று மாதமாய் ஆராதனைக்கு வராத அந்தக் குடும்பத்தை ஒருவராவது போய் விசாரித்தோமா? "நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யலையே" என்கிறோம். உண்மைதான். நாம் ஒன்றும் செய்யவில்லை. அது சாக்கா, அறிக்கையா?

எழுப்புதல் வேண்டும் என்று ஜெபிக்கிறோம். நல்லது. ஆனால் எழும்புகிறவன் முதலாவது எழும்பி எங்கே போகவேண்டும்? விழுந்துகிடக்கிற வேலிப்பலகைக்குப் போகவேண்டும். அயலான் பிள்ளைக்கு ஆபத்தாய் இருக்கிற இடத்தை முதலில் அடையுங்கள். நம்முடைய தண்ணீர் தெளிய பன்னிரண்டு நாளோ பன்னிரண்டு மாதமோ ஆகட்டும். பலகை அடிக்க இருபது நிமிஷம் போதும்.

குளம் தெளிந்த அன்று இரவு அலமாரியில் என் மனைவியின் நோட்டைத் தேடி எடுத்தேன். கடைசியாக அவள் கையெழுத்து 2022 மார்ச் மாதத்தோடு நிற்கிறது. "பி.எச். 7.4, குளோரின் 4, தண்ணீர் நலம்." மனுஷரை விசாரிக்கிறதுபோல எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, அன்றைய தேதியைப் போட்டு, என் கையெழுத்தில் ஆரம்பித்தேன். இன்றைக்கும் வாரம் இரண்டு தடவை எழுதுகிறேன். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம்தான் ஆகிறது.

பின்பக்கத்துத் திரைச்சீலையைக் கழற்றிவிட்டேன். இப்போது காலையில் காப்பி குடிக்கிறது அந்த ஜன்னல் ஓரத்தில்தான்.